உன் பிடரியில் வேறொருவர் கத்தரி

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, கடை, கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எல்லோரும் நலம். அங்கே நீ நலமா, உன் முடி நலமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, உனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, போன தடவை அப்படித்தான் முடிந்தது. அதற்குப் பிறகு நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் கேமரா சரியில்லை என்று அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தேனே, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் முகம் காட்டும் நிலையில் இல்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, யாரோடும் சண்டை போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளவும் இல்லை. என்ன என்று பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் சிரித்துவிட்டு மீதியைப் படிக்க மாட்டாய்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ காட்டிக்கொடுத்த பயிற்சியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்கிறாள், செய்ததை உன்னிடம் சொல்லச் சொல்கிறாள், சொல்லிவிட்டேன். உன் அண்ணன் புது வீட்டுக்குக் குடி போய்விட்டான், மேல் மாடி, குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதாம், அதனால் வாரா வாரம் அழுக்குத் துணி மூட்டையோடு இங்கே வந்து நிற்கிறான், அண்ணி பாவம், பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு வருகிறாள். கடைக்குச் சுற்றுகிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். பென்ஷன்காரர் இருக்கிறாரே, முடி வெட்ட வராமல் பேப்பர் படிக்க மட்டும் தினமும் வருகிறவர், அவர் அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலை கிறுகிறுக்கிறது என்று பழைய பெஞ்சுக்கே போய்விட்டார். உன் வேலை என்ன என்று இந்தத் தெருவுக்கு விளக்குவதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை. பிஹேவியர் தெரபி டெக்னீஷியன் என்று முழுதாகச் சொல்லிப் பார்த்தேன், டெக்னீஷியன் என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுகிறது. எதிரே மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு மிக்ஸியை எடுத்து வைத்திருக்கிறார், நீ லீவில் வரும்போது பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அதெல்லாம் இல்லை, பேச்சு தாமதமாக வருகிற பிள்ளைகள், சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள், வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் கடித்தும் முட்டியும் காட்டுகிற பிள்ளைகள், அவர்களோடு தரையில் உட்கார்ந்து விளையாட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பழக்குகிற வேலை, திட்டம் போடுவது மேடம், நாள்தோறும் செய்வது என் மகள் என்று பொறுமையாகச் சொன்னேன். அப்ப நாள் பூரா விளையாடறதுக்குச் சம்பளமா என்று கேட்டார். நான் கத்தரியைத் துடைக்கப் போய்விட்டேன். நீ வேலையில் சேர்ந்த புதிதில் உன்னிடம் விட்ட பையனைப் பற்றி, இப்போதைக்கு என் வேலையே அவன்கூட சும்மா இருக்கறதுதான்பா, இதைச் செய் அதைச் செய்னு எதுவும் சொல்லக் கூடாது, நான் வந்தா நல்லதுதான் நடக்கும்னு அவனுக்குத் தோணணும் என்று சொன்னாயே, அன்று நானும் மனதுக்குள் அதே கேள்வியைத்தான் கேட்டேன், அதனால்தான் அவர் மேல் கோபம் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று உங்கள் இடத்தில் கண்டிப்பு. நல்ல கண்டிப்புதான். அதனால் நான் அவனுக்குச் சின்ன முதலாளி என்று பெயர் வைத்திருக்கிறேன். நாலு வயதில் என் மகளை இப்படி ஆட்டி வைக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நீ போன் செய்தால் ஹலோவுக்குப் பிறகு அவன் புராணம்தான். இன்று கடிக்க வந்தவன் கடிக்காமல் வேண்டியதைக் காட்டுகிற பட அட்டையை எடுத்து நீட்டினான், இன்று செருப்பை அவனே மாட்டிக்கொண்டான், இன்று இன்னும் வேண்டும் என்று கையைத் தட்டிக் கேட்டான் என்று நீ மூச்சு விடாமல் சொல்லும்போது, நானும் இன்று செருப்பை நானேதான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் நீ என்னிடம், அப்பா மாத்திரையை நீங்களே ஞாபகமா எடுத்துப் போட்டீங்க, சூப்பர்ப்பா என்று குரலை உயர்த்திச் சொன்னாய். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை, வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தலையை நன்றாகப் பிடித்துவிட்டேன். சாயங்காலம் அம்மாதான் போட்டு உடைத்தாள், அது அந்தப் புள்ளைக்குச் சொல்ற சூப்பர், அதே ராகம், உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லை என்றாள். யோசித்துப் பார்த்தேன், அதே ராகம்தான். நான் எதையாவது குறை சொல்லிப் புலம்பும்போது நீ உம் கொட்டாமல் சும்மா இருக்கிறாய், நல்லதாக ஏதாவது சொன்னால் உடனே கலகலவென்று பேசுகிறாய், அதுவும் அங்கே கற்றுக்கொண்டதுதான் என்று அம்மா சொல்கிறாள். என்னையும் பழக்கிக்கொண்டிருக்கிறாயா, சொல். மறைக்காமல் எழுதுகிறேன் சிட்டு, இது பொறாமை. இதற்கு வேறு நாகரிகமான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அறுபதை நெருங்குகிற ஆள் நாலு வயதுப் பையனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படுகிறேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பயிற்சிக் காலம் முடிந்ததும் லீவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாய், அம்மா உன் அறையில் இருந்த துணி மூட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலைத் துடைத்து வைத்துவிட்டாள். அப்புறம் போன் செய்து, பையன் முடி வெட்டிக்கப் பழகற நேரம்பா, நடுவுல நான் இல்லைன்னா எல்லாம் மறுபடி முதல்ல இருந்து வரும், அது முடிஞ்சதும் வரேன் என்றாய். முடி வெட்ட என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. முடி வெட்டுகிறவனின் மகள், ஒரு பையனுக்கு முடி வெட்டி முடியவில்லை என்று வீட்டுக்கு வராமல் இருக்கிறாள். அதுவும் வெட்டப்போவது வேறு ஒருவர் கடையில். நீ அவர் பெருமையை ஆரம்பித்தாய் பார், தெருமுனையில் சின்னக் கடை, எங்களுக்காகக் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கிறார், டிவியை அணைத்துவிடுகிறார், விசிறியையும் அணைத்துவிடுகிறார், பையன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாலும் முகம் சுளிப்பதில்லை, ரொம்பப் பொறுமைப்பா, உங்க மாதிரியே பெரிய மீசைப்பா என்று. பொறுமைக்கு என்ன, கூட்டம் இல்லாத கடைக்காரனுக்குப் பொறுமை தானாக வரும். நான் இங்கே விசிறியை அணைத்தால் பென்ஷன்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். என் மகள் வீட்டுக்கு வருவது இன்னொருத்தர் கத்தரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அங்கே இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டு உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு அந்தப் படத்தை அனுப்பினாய். பையன் அதில் இல்லை, வெறும் நாற்காலியும் கண்ணாடியும், ஓரமாக அந்தக் கடைக்காரர் நிற்கிறார். உங்க கடை மாதிரியே இல்ல என்று எழுதியிருந்தாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவுடர் டப்பா மூடாமல் இருக்கிறது. சீப்புகள் காய்ந்த டம்ளரில் நிற்கின்றன, நான் மருந்துத் தண்ணீரில் போட்டுத்தான் வைப்பேன் என்று உனக்குத் தெரியும். மெஷின் வயர் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. ஆளுக்குத் தலையில் ஒரு முடி இல்லை, முழு வழுக்கை, முடி வெட்டுகிறவர் வழுக்கையாக இருந்தால் யார் நம்பி உட்காருவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தலையில் இல்லாததற்கெல்லாம் சேர்த்து வைத்த மாதிரி மீசை, காது வரை. இப்படிக் குறை தேடிக்கொண்டே போனபோதுதான் எதிர்க் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாய், உனக்குப் பின்னால் சுவரில் இன்னொரு கண்ணாடி, எல்லாச் சலூனிலும் இருக்கிற மாதிரி, அதில் உன் பின்தலை தெரிகிறது. பின்னல் இல்லை. பிடரி வெறுமையாக இருக்கிறது. மெஷின் ஓடிய பிடரி. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன், காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தைப் பார்த்த பிறகுதான் நீ என்று ஒப்புக்கொண்டேன். உன் தலையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை சிட்டு. கல்லூரியில் உன் தோழிகள் எல்லாம் கண்ணாடி மாளிகை மாதிரி பார்லருக்குப் போனபோதும் நீ ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி மூடிவிட்டு நுனி வெட்டிக்கொள்ள என்னிடம்தான் வந்து உட்கார்ந்தாய். வெளியூர் போகிற அன்றுகூட, அங்க போய் யாரையும் தேட முடியாதுப்பா, கொஞ்சம் சேத்தே வெட்டிவிடுங்க என்றாய், நான் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நுனியை மட்டும் எடுத்தேன், சேர்த்து வெட்டினால் நீ சீக்கிரம் வர மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தலையில் இன்னொருத்தர் மெஷின் வைத்திருக்கிறார். வேலை சுத்தமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓரம் நேராக, காது மடலை ஒட்டி அழகாகத் திரும்பி, ஒரு பிசிறு இல்லாமல். வெகுநேரம் பார்த்து இடது ஓரம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டினேன், அவ தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறா, கண்ணு இருந்தா பாருங்க என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சூட்டோடுதான் உனக்குப் போன் செய்தேன். முடியைப் பற்றிக் கேட்க வேண்டியவன் அதைக் கேட்காமல் வேறு எதையோ கேட்டேன். ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டா ஒரு நொடி வேலை, இதுக்குப் போய் மாசக்கணக்குல ஊர்வலம் நடத்தறீங்களே, அவன் அழுதா அழட்டும், வெட்டி முடிச்சதும் சரியாயிடுவான், நான் பாக்காத புள்ளைங்களா என்று கத்தினேன். நீ கத்தவில்லை. அவன் கையைக் காட்டி நிறுத்துன்னா நிறுத்தணும்ப்பா, அதை நாங்க பொய்யாக்கிட்டோம்னா அப்புறம் நான் சொல்ற எதையும் அவன் நம்ப மாட்டான் என்றாய். அவன் அம்மா அவன் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருந்தார்களாம், ஒரு தடவை பாதியில் விழித்துப் பார்த்துவிட்டான், அதிலிருந்து தூங்கவே பயந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு படுக்கிறான் என்றாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அப்படின்னா உன் சொந்த வீட்டுக்கு வர அவன் முடி வெட்டி முடிக்கணுமா, நாங்க யாரு உனக்கு என்று கேட்டேன். நான் போனை வைத்தேன். முடியைப் பற்றிக் கடைசி வரை கேட்கவே இல்லை. அன்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பின்னல் போனது எனக்கு முன்னாடியே தெரியும், உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சிட்டுதான் சொன்னா, நீங்க மனசு ஒடைஞ்சுடுவீங்கன்னு என்றாள். அதுவேறு. இத்தனை பேருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல். பையன் நாற்காலி வரை வந்துவிட்டானாம், துணியைப் போர்த்த விட்டானாம், ஆனால் மெஷின் சத்தம் கேட்டதும் உன் தலையைக் காட்டிக் காட்டி அடம்பிடித்தானாம். முதலில் நீ. நீ நாற்காலியில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொள்ள, அந்த வழுக்கைக்காரர் உன் பிடரியில் ஓர் ஓரத்தில் மெஷினை வைத்தாராம், பையன் விழுந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்து, இன்னும் என்று கையைத் தட்டினானாம். நீ உட்கார்ந்தே இருந்தாயாம். அம்மா சொல்லி முடித்தாள், நான் உன் முடிக்கு இவ்வளவுதானா விலை என்று கேட்டேன். எனக்கு அப்போது அதுதான் கேட்கத் தோன்றியது.

இனிமேல் எழுதப்போவதை நீ உன் மேடத்திடம் சொல்லக் கூடாது. அந்த வழுக்கைக்காரரால் முடிகிறது, என்னால் முடியாதா என்று ஒரு வீம்பு எனக்குள் ஏறிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் பேரன் இருக்கிறானே, முடி வெட்டக் கூட்டிவந்தால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவான், அவன் அப்பா காலைப் பிடிக்க, தாத்தா கையைப் பிடிக்க, நான் சத்தத்தோடு சத்தமாக முடித்து அனுப்புவேன். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் யாரும் பிடிக்க வேண்டாம், எல்லோரும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். விசிறியை அணைத்தேன். பென்ஷன்காரர் வியர்த்துக்கொண்டே என்னை முறைத்தார். பையன் வாசலிலேயே நின்றான். நீ பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டுவாயே, அந்த மாதிரி சோப்புக் குமிழி ஊதலாம் என்று முகச் சோப்பைக் கரைத்து வயரைச் சுருட்டி ஊதிப் பார்த்தேன், என் மூக்குக் கண்ணாடியிலும் மீசையிலும் நுரை ஒட்டியதுதான் மிச்சம், ஆனால் பையன் உள்ளே வந்துவிட்டான். அணைத்து வைத்த மெஷினை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது கடிக்குமா என்று கேட்டான். கடிக்காது என்றேன். உனக்கு வெச்சுக் காட்டு என்றான். எங்கே வைப்பது? எனக்குத் தலையில் முன்னால் இருப்பதே நாலு முடி. அவன் என் மீசையைக் காட்டினான்.

சிட்டு, ஓரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டிவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் வைத்தேன். இடது நுனியில் லேசாக. அவன் இன்னும் என்றான். சரி என்று இன்னும் கொஞ்சம். கண்ணாடியைப் பார்த்தால் ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். முடி வெட்டுகிறவன் கண்ணுக்கு அது பொறுக்குமா? சமன் செய்ய வலது பக்கத்தில் வைத்தேன், அது ஒரு நூல் கூடுதலாகப் போய்விட்டது. மறுபடி இடது. மறுபடி வலது. பையன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் இன்னும் என்று குதிக்கிறான். பிறருக்கு எத்தனை ஆயிரம் மீசை சமன் செய்திருப்பேன், ஒரு நூல் பிசகியது இல்லை, அன்று என் மீசைக்கு என் கை நிற்கவில்லை. கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு பூச்சி உட்கார்ந்த மாதிரி மிஞ்சியது, அதை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது என்று அதையும் எடுத்துவிட்டேன். பென்ஷன்காரர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இத்தனையும் நடந்த பிறகு பையன் வந்து என் மேல் உதட்டைத் தடவிப் பார்த்தான், ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை ஒரு விரலால் தொட்டான், கூசுது என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டான். அப்புறம் தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, இன்னிக்கு வேணாம் என்றான். நான் கையில் மெஷினோடு நின்றேன். தாத்தாவும் அப்பாவும் வெளியே தயாராக நிற்கிறார்கள், ஒரு குரல் கொடுத்தால் போதும். இன்னிக்கு வேணாம், சரி என்று சொல்லி மெஷினை அணைத்து வைத்தேன். அவன் ஒரு முடி வெட்டாமல் அப்படியே வீட்டுக்குப் போனான், நான் மீசை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மருந்துக்கடைக்காரர் இது என்னய்யா வியாபாரம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கதவைத் திறந்து யார் வேணும் என்று கேட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் மேல் உதட்டை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போதெல்லாம் சோற்றை வாயில் வைக்கவும் என்னைப் பார்க்கவும் புரையேறவும் அவளுக்குச் சரியாக இருந்தது. கேமரா ஏன் கெட்டுப்போனது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பையன் நேற்று எதிர்ப்பக்கத்திலிருந்து தாத்தா கையை விட்டுவிட்டுத் தனியாக ஓடி வந்து கடை வாசலில் நின்றான். எப்போதும் என் கடையைத் தாண்டும்போது தாத்தா வேட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறவன். மீசை வந்துச்சா என்று கேட்டான், இன்னும் இல்லை என்றேன், சரி என்று திரும்பி ஓடினான். அவ்வளவுதான். முடி இன்னும் காதுக்குக் கீழே தொங்குகிறது. ஆனால் எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை, நீ மாத்திரைக்குச் சொன்ன சூப்பரைவிட இது கொஞ்சம் கூடுதல். உடனே உனக்குப் போன் செய்து மூச்சு விடாமல் சொல்ல வேண்டும் போல இருந்தது, அப்போதுதான் நீ ஏன் செருப்பு மாட்டியதையும் அட்டை நீட்டியதையும் என்னிடம் அப்படிச் சொல்கிறாய் என்று தெரிந்தது. நீ அதைச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டாய். நான்தான் அதைக் கேட்காமல் அவனோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். உன் பின்னலும் இப்படித்தான் போயிருக்கும், ஓர் ஓரம், இன்னும் கொஞ்சம், சமன் செய்ய மறுபக்கம் என்று. நீயாக எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை. என் மகள் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். என் நாற்காலியில் நீ அப்படி உட்கார்ந்ததே இல்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாய்.

அதனால் லீவு விஷயத்தில் நான் இனிமேல் அவசரப்படுத்த மாட்டேன். சின்ன முதலாளிக்கு முழுத் தலையும் வெட்டி முடிந்ததும் வா, பாதியில் விட்டுவிட்டு வராதே, பாதி வெட்டிய தலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி இருக்க முடியும், நாலு வயதானாலும் மனிதன்தானே. கட்டில் துடைத்தபடியே இருக்கும், மறுபடி துணி மூட்டை ஏற்ற மாட்டோம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போய்விட்டது என்று எழுதினால் பொய் எழுதியவன் ஆவேன். அவன் உன் மடியில் உட்கார்ந்து உன் முடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது. அந்த வழுக்கைக்காரர் வேலை சுத்தம் என்று நினைத்தால் அதற்கு மேல் எரிகிறது. அவரிடம் சீப்பை மருந்துத் தண்ணீரில் போடச் சொல், வயரைக் காலுக்கடியில் விட வேண்டாம், பையன் தடுக்கி விழுந்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். பையன் உட்காரும்போது மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சூடு இருக்கிறதா என்று அவர் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், சத்தத்துக்குப் பயப்படுகிறவன் சூட்டுக்கும் சேர்த்துப் பயந்துவிடக் கூடாது. இதெல்லாம் அப்பா சொன்னதாகவே சொல், உனக்குத் தோன்றியதாகச் சொல்லாதே.

கழுத்தில் குளிர்க்காற்று படாமல் துணியைச் சுற்றிக்கொண்டு போ, பின்னல் இருந்த இடம் வெறுமையாக இருக்கும், பழக நாளாகும். கடி வாங்கிய கையில் மருந்து போடு, போட்டேன் என்று பொய் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. மேடத்துக்கு என் வணக்கம். நீ தொட்டது துலங்க வேண்டும், உன்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் பயம் தெளிந்து வளர வேண்டும், உன் கை நோகாமல் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, கேமரா சரியாகிவிட்டது. சிரித்துக்கொள், ஒரு தடவை மட்டும்.

மறக்காமல் ஒன்று. சின்ன முதலாளிக்கு அடுத்த முறை யாராவது முதலில் வெட்டிக் காட்ட வேண்டியிருந்தால் நீ உன் தலையைக் கொடுக்காதே, அதை எனக்காக வளர விடு. அந்தக் கடைக்காரருக்குக் காது வரை மீசை இருக்கிறது, அதைக் கொடுக்கச் சொல். உன் அப்பா கொடுத்துவிட்டார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் பிடரிக்காகக் காத்திருக்கும்
அப்பா